ஜன்னலோரம் வைத்த பெட்டி

நீ மாட்டிக்கொடுத்த இன்டர்நெட் பெட்டியை இன்று திறந்து பார்த்தோம். நீ கண்ணை மூடிய மறுமாதமே அதில் சிவப்பு விளக்கு எரிய ஆரம்பித்தது. அணைத்துப் போட்டேன், வயரைப் பிடுங்கிச் செருகினேன், எதற்கும் மசியவில்லை. கடைசியில் செக்காலையில் இருக்கும் உன் அலுவலகத்துக்குச் சொல்லிவிட்டேன். உன்னிடம் வெகுகாலம் வேலை பார்த்த லைன்மேன் வந்தார். பெட்டியைத் திருப்பி, பின்னால் ஒட்டியிருந்த கறுப்பு டேப்பை உரித்தார். உள்ளே ஒரு சிம் கார்டு.

“டீச்சர், இது ஃபைபர் இல்ல. மொபைல் நெட்டுத்தான் ஓடிக்கிட்டு இருந்துச்சு. அவுகளே மாசாமாசம் ரீசார்ஜ் போட்டாக. அவுக போனதும் நின்னுபோச்சு.”

“அப்ப இந்த வயரு?”

ஸ்டூலைப் போட்டு ஏறிக் காட்டினார். சுவரேறிப் போன வயர் உத்தரத்துக்குப் பின்னால் சுருட்டிக் கட்டப்பட்டிருந்தது. அதற்கு மேல் எங்கும் போகவில்லை. அதைத் தினமும் தூசி தட்டி வைத்தவள் நான்.

இந்த வித்தியாசமெல்லாம் தெரியாதவளா நீ? எனக்குச் சொல்லித் தந்ததே நீதானே. பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு, வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஆன்லைனில் கணக்குப் பாடம் எடுக்கப் போகிறேன், இந்தக் கோட்டையூர் வீட்டில் நெட் நிற்குமா என்று கேட்டேன். மறுநாளே பை நிறைய வயர்த் துண்டுகளோடு வந்தாய். சாப்பாட்டு மேசையில் காய்கறி பரப்புவதுபோல் பரப்பினாய்.

“இது டெலிபோன் வயரு, செம்பு. தூரம் கூடக்கூட இழுவை. இது கேபிள் டிவி வயரு. தெருவே இதுல தொங்கும், சாயங்காலமானா நெரிசல். இந்தா, இதான் ஃபைபர். உள்ள கண்ணாடி இழை, வெளிச்சமா ஓடிவரும். வீடியோல பாடம் எடுக்க இதாண்டி சரி.”

“சிம் போடுற பெட்டி ஒண்ணு இருக்காமே?”

“அது டவர்லேருந்து காத்துல வர்றது. ஒன் வீட்டுச் செவுரு தடிமனுக்கு அது உள்ள வந்தாலே அதிசயம். ஊரே போனை நோண்டுற நேரத்துல மிச்சமீதிதான் ஒனக்கு. அதை நம்பி வேலைய விட்றாத.”

சொன்ன வாய் உன்னுடையது. பத்து நாளில் ஃபைபர் போட்டுத் தருகிறேன் என்றாய். அந்த வார்த்தையை நம்பி ராஜினாமா எழுதிக் கொடுத்தேன். பன்னிரண்டு வருடம் பார்த்த வேலை. பிறகு ஒருநாள், கடைசி மாத வேலைக்காக நான் பள்ளியில் இருந்தபோது வந்து பெட்டியை மாட்டிவிட்டுப் போயிருந்தாய். அதை ஜன்னலோரம் வைத்திருந்தாய். ஏன் என்று கேட்டதற்கு, “சூடாகும்டி, காத்தோட்டம் வேணும்” என்றாய். சிக்னலுக்கு வைத்திருக்கிறாய் என்று எனக்கெப்படித் தெரியும்?

காலையில் பிரச்சினை இல்லை. என் வகுப்புகள் சாயங்காலம். சமன்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு, வாயைப் பிளந்தபடி திரையில் உறைந்து நிற்பேன். பிள்ளைகள் சிரித்தன, பெற்றோர் புகார் எழுதினர். எட்டே மாதத்தில் அந்த நிறுவனம் எனக்கு வகுப்புத் தருவதை நிறுத்திவிட்டது. பள்ளியில் என் இடத்துக்கு வேறொருத்தி வந்திருந்தாள். இப்போது டவுன் பஸ் பிடித்து ஒரு டியூஷன் சென்டருக்குப் போய்வருகிறேன்.

ஏன் இப்படிச் செய்தாய் என்று லைன்மேனிடம் கேட்டேன். “செவுத்துல ஓட்டை போட பங்காளிக சம்மதிக்கலன்னாக, டீச்சர். ஒங்கள்ட்ட சொல்லக்கூடாதுன்னுட்டாக” என்றார். எட்டுப் பங்காளிகளுக்குப் பொதுவான வீடு. ஆணி அடிப்பதென்றாலும் எல்லாரிடமும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். வாடகைக்கு இருக்கும் எனக்கு அது தெரியாதா? சாவி வைத்திருக்கும் பங்காளிக்கு நானே போன் போட்டேன்.

“யாரு சம்மதிக்கலன்னது? ஒரு மாசம் பொறுங்க, எல்லார்ட்டயும் கேட்டுச் சொல்றேன்னேன். அப்புறம் அவுக வரவேயில்லையே” என்றார்.

ஒரு மாதம்! ஒரே ஒரு மாதம். “வாக்குக் கொடுத்துட்டேண்டி, முடியல, பொறுத்துக்க” என்று நீ சொல்லியிருந்தால், தலைமையாசிரியர் காலில் விழுந்தாவது அந்த மாதத்தைக் கடத்தியிருப்பேன். சொன்ன தேதியில் முடித்தவள் என்ற பெயர் உனக்குப் பெரிதாகிவிட்டது. அவ்வளவுதான், இல்லையா?

உனக்காகப் பூசையில் வேண்டிக்கொண்ட நாட்களை நினைத்தால் எரிச்சல் வருகிறது. இன்னும் வேண்டிக்கொள்கிறேன் என்பது அதைவிட எரிச்சல்.

வகுப்பு போன அன்று உன் அலுவலகத்துக்கே வந்து, ஆட்களுக்கு முன்னால் கத்தினேன். “ஒன் லேப்டாப்பு பழசுடி” என்றாய், நிதானமாக. மறுவாரம் கடன்பட்டுப் புது லேப்டாப் வாங்கினேன். உன்னைச் சந்தேகப்பட்டுவிட்டோமே என்று மனசு கேட்காமல் திரும்ப வந்தேன். உன் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன். எல்லாம் தெரிந்த நீ என் கண்ணைத் துடைத்துவிட்டு, “விடுடி, நமக்குள்ள என்ன” என்றாய்.

நீ சொன்ன பொய்யைக்கூட ஒருநாள் மன்னித்துவிடுவேன். நான் கேட்ட அந்த மன்னிப்பை நீ வாங்கிக்கொண்டாயே, அதை என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை.