நீ நின்ற வள்ளம் எந்தக் கரை வள்ளம்

என் உயிர்த் தம்பி மாரிக்கு,

சௌக்கியமா என்று கேட்க வாய் வரவில்லை. மேலகரம் வீட்டில் அப்பாவும் நானும் இருக்கிறோம். உன்னை எப்படித் தேடினோம், எப்படித் தவறவிட்டோம் என்று உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

வயலைப் பார்க்க மாட்டேன் என்று நீ சொன்னாய். அப்படியானால் வீட்டிலும் இருக்காதே என்று அப்பா சொன்னார். அன்றைக்குப் போனவன்தான். அம்மா இறந்தபோதுகூட உனக்குச் சொல்லிவிட வழியில்லை. அப்பா உன் பேரை எடுப்பதே இல்லை. மறந்துவிட்டார் என்றே நினைத்திருந்தேன்.

போன ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, டிவியில் ஏதோ சினிமா ஓடிக்கொண்டிருந்தது. நான் அடுப்படியில் இருந்தேன். அப்பாவின் குரல் கேட்டது.

"ஏட்டி, இங்கன வா. இது நம்ம மாரில்லா?"

கரையில் நின்று கதாநாயகன் அழுகிறான். அவனுக்குப் பின்னால் கடலில் ஒரு வள்ளம். அதில் வரிசையாக ஆட்கள் நின்று வலை இழுக்கிறார்கள். நான் வந்து பார்ப்பதற்குள் அந்தக் காட்சி போய்விட்டது. பிறகு அந்தப் படத்தைத் தேடிப் பிடித்து, நான் வேலை பார்க்கும் போட்டோ ஸ்டூடியோவில் அந்த இடத்தை நிறுத்திப் பெரிதாக்கினேன். முகம் கலங்கலாகத்தான் இருந்தது. ஆனால் இடது தோளை உயர்த்தி நிற்கிற அந்த நிற்பு உன்னைத் தவிர யாருக்கு வரும்? பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். அப்பா வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

கதை தூத்துக்குடிப் பக்கம் நடப்பதாகப் படத்தில் வருகிறது. வள்ளத்தின் பக்கவாட்டில் தமிழில்தான் பேர் எழுதியிருந்தது. அதனால் கிழக்கே போனோம். எனக்கு லீவு கிடைத்தபோதெல்லாம் ஒரு கரை. வேம்பார், தருவைகுளம் என்று அப்பா அந்தப் பிரிண்டை நீட்டாத ஆள் இல்லை. பார்த்தவர்கள் தலையை ஆட்டித் திருப்பிக் கொடுத்தார்கள். கார்த்திகை, மார்கழி, தை எல்லாம் இப்படியே போனது.

மாசியில் மணப்பாட்டுக்குப் போனோம். வலையைப் பிரித்துக்கொண்டிருந்த ஒருவர் உன் முகத்தைப் பார்க்கவில்லை, வள்ளத்தைப் பார்த்தார்.

"எங்க வள்ளத்துல அஞ்சாறு பேருதான் போவோம் அண்ணாச்சி. இதுல முப்பது பேரு இருக்கும் போலுக்கே. முன்மூக்கும் எங்களுக்கு இவ்வளவு ஒசரமா இருக்காது. சுத்தி வளைச்சுப் போடுத வலை இது. மலையாளக் கரை வள்ளம்."

வீட்டுக்கு வந்து படத்தை மறுபடி பெரிதாக்கிப் பார்த்தேன். தமிழ்ப் பேருக்கு அடியில் வேறு எழுத்துகளின் வளைவுகள் மங்கலாகத் தெரிந்தன. பெயின்ட் உரிந்த இடம் என்றல்லவா அதை நினைத்திருந்தேன்? செங்கோட்டையில் மலையாளம் தெரிந்த ஒருவரிடம் காட்டினேன். பாதிப் பேரை வாசித்துச் சொன்னார். பங்குனி பிறந்ததும், மலையாளக் கரையில் நமக்குப் பக்கமான கொல்லத்துக்கு ரயில் ஏறினோம். ஒரு மலையைத் தாண்டினால் வந்துவிடுகிற ஊர், மாரி. இத்தனை வருஷமும் நீ இவ்வளவு பக்கத்திலா இருந்தாய்?

பாதிப் பேரைச் சொல்லி விசாரித்ததில் அன்று சாயந்தரமே வள்ளம் கிடைத்துவிட்டது. கரையில் ஏற்றி வைத்திருந்தார்கள். சினிமாக்காரர்கள் அடித்த பெயின்டைச் சுரண்டிவிட்டுப் பழைய பேரையே எழுதியிருந்தார்கள். அப்பா பிரிண்டை நீட்டியதும் அங்கே நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நீ பொங்கலை ஒட்டிப் போய்விட்டாயாம். மஞ்சள் காமாலை முற்றிவிட்டதாம். அந்தப் பொங்கல் லீவில் நாங்கள் வேம்பார்க் கரையில் உன் படத்தைக் காட்டிக்கொண்டிருந்தோம்.

உன் முகத்துக்குப் பதிலாக வள்ளத்தை முதலிலேயே சரியாகப் பார்த்திருந்தால் கார்த்திகையிலேயே வந்திருப்போம். உன்னைத் தென்காசி ஆஸ்பத்திரிக்காவது கொண்டுவந்திருப்பேனே. பிழைத்திருப்பாயா? தெரியவில்லை. முகமாவது பார்த்திருப்போம்.

உனக்கு ஒரு மனைவி இருப்பதே அவர்கள் சொல்லித்தான் தெரியும். ஷைனி. உன் ஊர் தென்காசி என்பதற்கு மேல் அவளிடம் நீ எதுவும் சொல்லவில்லையாம். ஏன்டா? வாசலில் வந்து நின்ற அப்பாவைப் பார்த்ததுமே யாரென்று அவளுக்குப் புரிந்துவிட்டது. அந்த மலையாளப் பெண் வாயைத் திறந்து சொன்னாள்:

"உள்ள வாங்க மாமா. சாப்பிடுதியளா?"

அப்பாவால் உள்ளே போக முடியவில்லை. படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அம்மா போனபோதுகூட அவர் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. வீட்டில் நீ நம்ம ஊர்ப் பேச்சுதான் பேசுவாயாம். கேட்டுக் கேட்டு அவளுக்கும் அதுவே வந்துவிட்டதாம்.

கிளம்பும்போது, எங்களோடு வந்து இரு தாயி என்று அப்பா கூப்பிட்டார். தன் அம்மா படுக்கையில் இருக்கிறாள், இப்போது வர முடியாது என்றாள். அப்புறம் என்னிடம் மட்டும் மெதுவாகக் கேட்டாள், ஐந்தருவி உங்கள் வீட்டிலிருந்து ரொம்பத் தூரமா என்று. ஒருநாள் கூட்டிப்போகிறேன் என்று அவளிடம் சொல்லியிருந்தாயாமே.

ஆனியில் சாரல் விழுந்ததும் அப்பாவே போய் அவளை ஐந்தருவிக்குக் கூட்டிவருவதாக இருக்கிறார். பெண்கள் குளிக்கிற பக்கம் நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். நீ கொடுத்த வாக்கை நான் நிறைவேற்றுகிறேன், மாரி. தண்ணீர் குளிரும், பயப்படாதே என்று அவளுக்கு நம்ம பேச்சிலேயே சொல்லுவேன்.

உன்னோடு பிறந்தவள்,
செண்பகம் அக்கா