நீலம் போடாத வாசல்

இன்று காலை உன் ரேடியோவின் தோல் உறையைத் திறந்தேன். அதன் துளைகளில் நீலக் கோலப்பொடி இன்னும் ஒட்டியிருந்தது. நீ தொட்ட பொடி. ஊதிவிட மனம் வரவில்லை.

போன பொங்கலுக்குப் பொள்ளாச்சி பஸ் நிலையத்தில் கோலப்போட்டி வைத்தார்களே, நினைவிருக்கிறதா? எல்லோரும் மயிலும் கரும்பும் போட்டார்கள். நீ ரேடியோவை என் கையில் கொடுத்து, "மெதுவா நட புள்ள, நான் பின்னாடியே போட்டுட்டு வாரேன்" என்றாய். பாட்டு தெளிவாகக் கேட்ட இடமெல்லாம் நீலம். கடை டியூப்லைட்டுக்குக் கீழே கரகரத்த இடத்தில் சிவப்பு. நடுவிலிருந்த தகரக் கூரைக்கு அடியில் பாட்டே வரவில்லை. அங்கே வெறும் தரையாக விட்டுவிட்டாய். நான் தினமும் பஸ் ஏறுகிற இடத்தில் காற்றில் பாட்டுக்கு இவ்வளவு நடமாட்டம் இருந்ததை அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

பூக்காரம்மா பூசணிப்பூவோடு வந்தார்.

"ஏனுங்க அம்மணி, நடுவுல சும்மா உடலாமா? இந்தப் பூவ வெச்சுப்போடுங்க."

"வேண்டாங்கக்கா, அங்க பாட்டு வராதுங்க."

"பூவ வெச்சுப் பாருங்க, தன்னால வரும்!"

நீயும் சிரித்துவிட்டாய். நடுவராக வந்த டீச்சரும், "நடுவுல நெறச்சுப்போடு, பரிசு உனக்குத்தான்" என்றார். நீ நிரப்பவில்லை. பரிசு ஒரு மயிலுக்குப் போனது. திரும்பும்போது, "கேக்காதத எப்படிப் புள்ள போடறது?" என்றாய். ரேடியோவை என்னிடமே விட்டுவிட்டு, "அடுத்த பொங்கலுக்கு எங்க வீதி" என்றாய்.

ஆடியில் மஞ்சள்காமாலை உன்னைக் கொண்டுபோய்விட்டது.

இன்று பொங்கல். நீ சொன்ன வீதிக்குப் போனேன். வாசலுக்கு வாசல் கோலம். உன் வீட்டில் மட்டும் இல்லை. சாவு நடந்த வீட்டில் வருடம் திரும்பும்வரை போடமாட்டார்கள் என்பது எனக்கும் தெரியும். ஆனால் உன் வாசலில் நின்று ரேடியோவைத் திருகியபோது, வீதியில் வேறெங்கும் கேட்காத தெளிவோடு பாட்டு வந்தது. உன் கணக்குப்படி அங்கே நீலம்தான் போட வேண்டும். கொண்டுபோயிருந்த நீலப்பொடியில் ஒரு பிடி அள்ளிக்கொண்டு குனிந்தேன்.

உன் அம்மா கதவைத் திறந்தார். என் கையைப் பார்த்தார்.

"வேண்டாங்கண்ணு. இந்த வருசம் கூடாது."

ரேடியோவை அணைக்கப் போனேன். அவர் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"அது பாட்டுக்குப் பாடட்டும். நிறுத்திப்போடாத."

பாட்டு முடியும்வரை இருந்தோம். பிறகு வீதியில் போனவர்களுக்கு அது வெறும் வாசல்தான். உன் கணக்கு தெரிந்தவர் யாராவது பார்த்திருந்தால், அங்கே பாட்டே வராது என்று நினைத்திருப்பார். அள்ளிய பொடியை அங்கே உதற முடியவில்லை. கையை மூடியபடியே வீடு வந்து சேர்ந்தேன்.