உப்பு செய்யாத தப்பு

வெள்ளிக்கிழமை, இரவு.

இன்று எங்கள் ஆஸ்பத்திரி எக்ஸ்ரே மெஷினைச் சோதிக்க வந்த நஸ்ரீன் மேடத்தின் மீட்டர், கதிர் அளவுக்கு மேல் வருவதாகக் காட்டியது. அப்படியே எழுதிவிட்டால் மெஷினை நிறுத்திவிடுவார்கள். மரக்காணத்தில் யாருக்கு இருமல் என்றாலும் புதுச்சேரிக்கு ஓட வேண்டும்.

"உப்புக் காத்துங்க மேடம், மீட்டர் பிளக்குல ஈரம் ஏறியிருக்கும்," என்றேன். இங்கே எது கெட்டாலும் இதுதான் எங்கள் பதில். துடைத்தும் அளவு குறையவில்லை.

மேடம் பேனாவை மூடிவிட்டு மேசையைச் சுற்றி வந்தார்.

"மீட்டரோட கேபிள் கதிர் விழுற எடத்துலயே சுருண்டு கெடக்குது பாருங்க. எக்ஸ்ரே பட்டா வயருக்குள்ளயே கொஞ்சம் கரண்ட் உண்டாகும். மீட்டர் அதையும் சேத்துக் காட்டுது."

கேபிளை ஒதுக்கினோம். அளவு சரியாக வந்தது.

வாசலில் இருமிக்கொண்டிருந்த உப்பளத்து முருகம்மாவுக்கு உடனே படம் எடுத்தேன். பயப்பட ஒன்றுமில்லை என்றார் டாக்டர்.

மேடம் கிளம்பும்வரை அவருக்கு நன்றி சொல்லிக்கொண்டே இருந்தேன். உப்பிடம்தான் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை.