கொழும்புக்குப் போன எச்சரிக்கை

என் அன்புத் தலையிடியே, சுதன்,

வைவா, அந்த வாய்மொழித் தேர்வு, முடிந்தது. பாஸ். திருத்தங்கள் கொஞ்சம்தான். வெளியே வந்ததும் கை தானாக உன் நம்பரைத் தேடியது. நீ போய் எட்டு மாதம் ஆகிறது, கைக்கு இன்னும் விளங்கவில்லை.

எனக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது என்று உனக்குத் தெரியும். இந்தப் பட்டம் உன்னால் வந்தது. அவ்வளவுதான்.

நாம் சேர்ந்த நாள் நினைவிருக்கிறதா? தொடர்பாடலும் தகவல் அறிவியலும் கலந்த கலாநிதிப் படிப்பு என்றார்கள். கணினிக்காரர்கள் என்னைப் பார்த்து இது கணினியே இல்லை என்றார்கள். தொடர்பாடல்காரர்கள் உன்னைப் பார்த்து, நூலகம் படித்தவனுக்கு இங்கே என்ன வேலை என்றார்கள். நீ உன் யாழ்ப்பாணத்துச் சுன்னாகச் சிரிப்போடு நின்றாய். "நடு றோட்டில நிக்கிறவனுக்கு ரெண்டு பக்கத்தாலயும் பஸ் வரும் மச்சான். பாத்து நில்."

நான் செய்தது மண்சரிவு எச்சரிக்கை. மழை அளவு கூடினால் புசல்லாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வாழும் லயங்களுக்குக் குறுஞ்செய்தி தானாகப் போகும். மூன்று வருட வேலை. பரிசோதனையில் அநேகமாக எல்லாச் செய்தியும் போய்ச் சேர்ந்ததாகத் திரை காட்டியது. ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டுத் தூங்கலாம் என்றிருந்தேன். லயத்துக்குப் போய் ஆட்களிடம் கேட்காமல் கொடுக்கக்கூடாது என்று நீ பிடிவாதம் பிடித்தாய். வளைவுக்கு வளைவு முணுமுணுத்துக்கொண்டுதான் உன்னோடு பஸ்ஸில் வந்தேன்.

பறித்த கொழுந்தை எடை போட்டுவிட்டு வந்த லெட்சுமி அக்காவிடம், போன வாரம் செய்தி வந்ததா என்று கேட்டாய்.

"எங்களுக்கு ஒண்ணும் வரலையே தம்பி. நீங்க எழுதிக்கிட்டது கொழும்புல கடையில நிக்கிற மகன் நம்பரு. ஆபீஸ் காயிதம்னா அவன் நம்பரத்தான் குடுப்போம். அவனுக்குத்தானே பேசத் தெரியும்."

லயத்தின் அடுத்த காம்பரா வீட்டிலும் அதே கதை. அதற்கடுத்ததிலும். மலை சரியப்போகிறது என்று நான் இவ்வளவு நாளும் கொழும்புப் புடவைக் கடைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

திரும்பும்போது நீ கேட்டது ஒரே கேள்வி. "போய்ச் சேந்தது எண்டு காட்டுது, சரி. ஆரிட்டப் போய்ச் சேந்தது?"

பஸ்ஸே திரும்பிப் பார்க்கக் கத்தினேன். புத்தகம் அடுக்குகிறவனுக்கு இதெல்லாம் விளங்காது என்றேன். இரண்டு வாரம் பேசவில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: அதை மறைத்துவிட்டே சமர்ப்பிக்கத்தான் நினைத்திருந்தேன்.

அதற்குள் உனக்கு டெங்கு. ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தேன். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை, இளநீரை நீட்டினேன். நீ அதைக் குடித்துவிட்டுச் சொன்னாய்: "அதையும் எழுது. எழுதிப்போட்டு வந்து என்னை ஏசு."

வந்து ஏச நீ உயிரோடு இருக்கவில்லை.

எழுதினேன், சுதன். அந்தக் கொழும்புப் பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். பரிசோதனைச் செய்திதானே என்று அழித்துவிட்டார்களாம். நிஜமாக மலை சரிந்தால் யாருக்கு முதலில் போன் எடுப்பீர்கள் என்று கேட்டேன். திரும்பத் திரும்ப வந்த பதில் ஒரே ஆள்: பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற அம்மா. பகலில் லயத்தில் போனும் கையுமாக இருப்பவர் அவர்தான். இப்போது எச்சரிக்கை முதலில் அவருக்கே போகிறது. வைவாவில் பரீட்சகர்கள் என் நிரலைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை, கேள்வி முழுக்க அந்த அத்தியாயத்தில்தான். நீ பார்த்திருந்தால் என்னை எவ்வளவு நக்கலடித்திருப்பாய்?

ஒன்று மட்டும் பாக்கி. அதற்குப் பிறகு இரண்டு முறை லயத்துக்குப் போனேன். இரண்டு முறையும் லெட்சுமி அக்கா கேட்டார், "மத்தத் தம்பி வரலையா?" யாழ்ப்பாணம் போயிருக்கிறான் என்று சொல்லிவிட்டேன். யாரிடமும் முகத்துக்கு நேரே பேசுகிற எனக்கு, அந்த ஒரு வரி வரவில்லை. உனக்கென்று அவர் கட்டித் தந்த தேயிலைத் தூள் பொட்டலம் இன்னும் என் மேசையில் இருக்கிறது.

இந்தச் சனிக்கிழமை முதல் பஸ்ஸில் போகிறேன். மகன் மூலமாகச் சொல்லியனுப்ப மாட்டேன். அவர் மலையிலிருந்து இறங்கும்வரை காத்திருந்து, பக்கத்தில் உட்கார்ந்து நானே சொல்வேன். பிறகு அந்தத் தேயிலையில் அவர் வீட்டிலேயே பிளேன்டீ போட்டு, உன் பங்கையும் குடித்துவிட்டு வருவேன். இது சத்தியம்.

உன்னிடம் பேச்சு வாங்காமல் நாக்குச் செத்துப்போன மச்சான்,
மஹய்யாவ ரவி