படத்தில் தெரியாத வெடிப்பு

மச்சாள்,

இன்று காலை பின்வீட்டு றஹீமா ஒரு பெரிய மண்ணிற உறையோடு வந்தாள். "எக்ஸ்ரே எடுத்தாச்சு அக்கா. ஒண்டும் இல்லையாம்," என்று கதிரையில் இருக்கப் போனவள் தொடையிடுக்கைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அதே உறை, அதே நோ, அதே கதை.

நீங்களும் அப்படித்தான் வந்தீர்கள். மூச்சிழுக்கும் முட்டு வருத்தத்துக்கு வருடக்கணக்காக விழுங்கிய ஸ்டீரொய்ட் குளிசை உங்கள் எலும்பை உள்ளுக்குள் அரித்திருந்தது. "விழாமல் எப்பிடி அம்மா எலும்பு வெடிக்கும்? வாதம்தான். நல்லா நடவுங்கோ," என்றார் டொக்டர். என்ன குளிசை போடுகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வீட்டில் எவ்வளவு சந்தோசம். உங்கள் தம்பி என்னைக் கேசரி கிண்டச் சொன்னார். படம் சுத்தமாக வந்தால் கோணேசர் மலைக்கு வெறுங்காலோடு நடந்து வருவதாக நீங்கள் நேர்ந்திருந்தீர்கள். "நேர்த்தியைக் கிடப்பில போட ஏலாது," என்று அந்த வெள்ளிக்கிழமையே வெளிக்கிட்டீர்கள். கோட்டை வாசல் தாண்டி, மான்கள் நிற்கும் ஏற்றத்தில், நடந்த நடையிலேயே எலும்பு முறிந்தது. "நான் தடக்குப்படேல்லை மச்சாள்," என்று நிலத்தில் கிடந்தபடி சொன்னீர்கள், யாரோ உங்களைக் குற்றம் சொன்னதுபோல.

மயிரிழை வெடிப்பு எக்ஸ்ரேயில் தெரியாமலே போகலாம், எம்.ஆர்.ஐ. எடுத்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும், காலில் பாரம் வைக்காமல் காப்பாற்றியிருக்கலாம் என்று பிறகு வேறொரு டொக்டர் சொன்னார். எவ்வளவு லேசாகச் சொன்னார். சத்திரசிகிச்சைக்குப் பிறகு, நான் வாங்கி வைத்த ஊன்றுகோல்களை ஒருநாளும் ஊன்றாமல், நெஞ்சில் சளி கட்டிப் போய்விட்டீர்கள். செத்தவீட்டில் சிலர், "நேர்த்தியில என்ன குறையோ," என்று கதைத்தார்கள். அவர்களை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

றஹீமாவை நடக்க விடவில்லை. மூட்டு வருத்தத்துக்கு அவள் போடும் குளிசைகளையெல்லாம் பையில் அள்ளிக்கொண்டு, அவளை ஓட்டோவில் ஏற்றித் திரும்பவும் கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன்.

"படத்தில ஒண்டும் இல்லையே அம்மா," என்றார் அங்கிருந்த இளம் டொக்டர்.

"ஒண்டும் தெரியேல்லை எண்டு சொல்லுங்கோ. இல்லை எண்டு சொல்லாதேங்கோ. அந்தச் சொல்லை நம்பித்தான் என்ரை மச்சாள் மலை ஏறினவ."

குரல் கூடிவிட்டது. வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள், பார்க்கட்டும். அவர் குளிசைகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். பிறகு எம்.ஆர்.ஐ.க்கு எழுதினார்.

அது எடுக்கும்வரை அந்தக் காலை அவள் நிலத்தில் ஊன்றக் கூடாதாம். அலுமாரிக்குப் பின்னால் கிடந்த உங்கள் ஊன்றுகோல்களைத் தூசு தட்டிக் கொடுத்தேன். அவளுக்கு அவற்றின் உயரம் கொஞ்சம் கூடிப்போயிற்று. ஒரு துளை இறக்கி விட்டிருக்கிறேன்.