தேனியில் தொடங்கவிருந்த மடம்

நவம்பர் 14, வெள்ளி

தேனியில் புதிய கன்னியர் மடம் தொடங்க, நானும் சிஸ்டர் தர்ஷினியும் ஜனவரியில் புறப்படுவதாக இருந்தோம். இன்று காலை, படுக்கையில் கிடக்கும் ஒரு முதிய சிஸ்டருக்கு சூப் ஊட்டிக்கொண்டே தர்ஷினி சொன்னாள்.

"அக்கா, நான் வரேல்லை. என்னாலை ஏலாது."

யாழ்ப்பாணத்துப் பெற்றோருக்கு இங்கே ஜெர்மனியில் பிறந்தவள். ஊர் தெரியாத பயம் என்று நினைத்தேன்.

"நாங்கள் ரெண்டு பேரும் போனா இவையளை ஆர் பாக்கிறது?"

எங்கள் இருவரைத் தவிர இங்கே எல்லோரும், மதர் உட்பட, எண்பதைத் தாண்டியவர்கள்.

மதியம் மதர் கூப்பிட்டார். ஒருத்தியை மட்டும் அனுப்ப முடியாது, நீயும் இங்கேயே இரு என்றார். அவர் முகத்தில் நிம்மதி தெரிந்தது. அதை இன்னும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

உடனே தேனிக்கு, செல்விக்குப் போன் செய்தேன். எங்களோடு சேர்வதற்காக டீச்சர் வேலையை விட்டுவிட்டுக் காத்திருப்பவள். நான் வாய் திறக்கும் முன்பே கத்தினாள்.

"சிஸ்டர், நம்ம மடத்துக்குத் தோண்டுன கிணத்துல தண்ணி வந்திருச்சு! எப்ப வர்றீங்க?"

"நல்லதும்மா" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

மாலை ஜெபத்திலும் அவளிடம் எப்படிச் சொல்வது என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன். கடவுளிடம் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.