லோகு அண்ணியும் சிவப்பு ரெக்சின் சோபாவும்

என் பிரியமான லோகு அண்ணிக்கு,

நான் உங்களுக்கு எழுதும் முதல் கடிதம் இது. நீங்கள் இருந்தபோது எதற்கு எழுத வேண்டும்? செங்கல்பட்டில் பஸ் ஏறினால் மாமல்லபுரத்தில் உங்கள் வாசலில் வந்து நிற்பேன். இப்போது பஸ் போகாத ஊருக்குப் போய்விட்டீர்கள். எழுதித்தானே ஆகவேண்டும்?

போன வாரம் என் வீட்டுக்காரர் ஒரு சாய்வு நாற்காலி வாங்கிவந்தார். அசல் லெதர் என்று கடைக்காரர் சொன்னாராம். ஓரத்தைத் திருப்பிப் பார்த்தேன், உள்ளே துணி. நம் காலத்து ரெக்சின்தான், பெயரை மாற்றி விற்கிறார்கள். மறுநாள் பார்த்தால் மனுஷர் தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தோடு அதன் முன்னால் நிற்கிறார். "இன்னா தனம், பளபளன்னு இருக்கும்ல?" என்கிறார். கிண்ணத்தைப் பிடுங்கினேன். பிடுங்கும்போதே உங்கள் குரல் காதில் கேட்டது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

எழுபதுகளில் நடந்தது. சொந்த ஊரான படாளத்தில் நிலத்தில் இறங்கிப் பயிர் செய்ய மாட்டேன் என்று சொல்லிவிட்டு மாணிக்கம் அண்ணன் மாமல்லபுரத்தில் போட்டோ ஸ்டூடியோ வைத்தான். உங்களைக் கல்யாணம் செய்துகொண்ட கையோடு மெட்ராசிலிருந்து லாரியில் ஒரு சிவப்பு ரெக்சின் சோபாவையும் கொண்டுவந்து இறக்கினான். அப்பா இல்லாததால் நானும் அம்மாவும் ஸ்டூடியோவுக்குப் பின்னால் இருந்த வீட்டிலேயே உங்களோடு இருந்தோம். ஒரே வருஷத்தில் புது மருமகளும் புது சோபாவும். இரண்டில் எதை அண்ணன் அதிகமாகத் தாங்குகிறான் என்று அம்மா வெளிப்படையாகவே கேட்பாள்.

உங்களுக்கு அந்த சோபா பெரிய வேலையாகிவிட்டது. கடலில் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு, காலெல்லாம் மணலோடு ஜனங்கள் படம் எடுக்க வருவார்கள். "அண்ணாத்த, ஒரு நிமிசம் இருங்க. டவல் போட்டுடறேன், அப்பால குந்துங்க" என்று ஓடுவீர்கள். எண்ணெய் வழியும் தலையைச் சாய்க்க வருபவருக்கும் ஒரு துண்டு தயாராக இருக்கும். யாரும் கோபித்துக்கொண்டதில்லை. நீங்கள் சொன்ன விதம் அப்படி.

சோபா தைத்தவர் கொடுத்த ரெக்சின் ஒட்டுத்துண்டுகளை ஜன்னலில் வரிசையாக வைத்து நீங்கள் செய்த ஆராய்ச்சியை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. ஒன்றில் தேங்காய் எண்ணெய், ஒன்றில் சலவை சோடா, ஒன்றில் மண்ணெண்ணெய், ஒன்றில் வெறும் சோப்புத் தண்ணீர். சில நாள் கழித்து என்னைக் கூப்பிட்டுக் காட்டினீர்கள். எண்ணெய் போட்டது புழுதியை எல்லாம் இழுத்துக்கொண்டு பிசுபிசுவென்று இருந்தது. சோடா போட்டது பளபளப்புப் போய் மங்கியிருந்தது. மண்ணெண்ணெய் போட்டது விறைத்துக்கொண்டு நின்றது. சோப்புத் தண்ணீர்த் துண்டு மட்டும் வாங்கினபடியே இருந்தது. "இவ்ளோதான் தனம். மொதல்ல மணலைத் தட்டு, அப்பறம் பிழிஞ்ச துணி, அப்பறம் காஞ்ச துணி. வெயில் படாம வெச்சா போதும்" என்றீர்கள். நம் கிணற்றுத் தண்ணீர் உப்பு. துடைத்தால் வெள்ளை வெள்ளையாகத் திட்டு விழும். அதனால் சோபாவுக்கு மட்டும் குடிக்கிற தண்ணீர். அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். இப்போது நெம்மேலியில் கடல் தண்ணீரையே குடிநீராக்கிச் சென்னைக்கு அனுப்புகிறார்கள் அண்ணி. அன்றைக்கு அது இருந்திருந்தால் மாமியாரிடம் நீங்கள் வாங்கிய பேச்சு எவ்வளவு மிச்சமாகியிருக்கும்!

அந்தச் சமயத்தில் எனக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் முன்பல் எடுப்பு. படம் எடுக்கும்போதெல்லாம் "வாய மூடுடி" என்பாள் அம்மா. வாயை மூடிய படத்தைப் பார்த்து வருவார்கள். நேரில் நான் வாயைத் திறந்து "வாங்க" என்றதும் முகம் மாறும். போட்டோவில் ஒன்று, நேரில் ஒன்று என்று முணுமுணுத்துவிட்டு, பஜ்ஜியை மட்டும் சாப்பிட்டுப் போவார்கள். இன்னும் ஒரு இடம் இப்படித் தட்டிப்போனால், படாளத்தில் மனைவியை இழந்த தூரத்து உறவுக்காரருக்கு என்னைக் கொடுத்துவிடுவது என்று அம்மா முடிவு செய்திருந்தாள். அவருக்கு என் அப்பா வயது. சோபாவைத் துடைக்கிற சாக்கில் அழுவேன். நீங்கள் அதைப் பார்த்தும் பார்க்காதது போல, "கண்ணுத் தண்ணியும் உப்புதாண்டி, சோபா மேல வுடாத" என்று ஒருநாள் சொன்னீர்கள். அழுகையிலேயே சிரித்துவிட்டேன்.

பிறகு தரகர் செங்கல்பட்டு இடம் ஒன்று சொல்லி, புதுப் படம் கேட்டார். நல்ல வெயில் காலம். எனக்குப் பட்டுச்சேலை கட்டி, பூ வைத்து நீங்கள் ஸ்டூடியோவுக்குக் கூட்டிவந்தால், அண்ணன் சோபா பக்கத்தில் திருதிருவென்று விழித்துக்கொண்டு நிற்கிறான். காலையில் வந்த கல்லூரிப் பையன் ஒருவனின் பேனா பின்பாக்கெட்டில் ஒழுகி, உட்காரும் இடத்தில் நீலக் கறை. பக்கத்துக் கடை போர்டு பெயிண்டரிடம் தின்னர் வாங்கி அண்ணன் தேய்த்திருக்கிறான். கையில் இருந்த துணி சிவப்பு, சோபா அந்த இடத்தில் வெளிறிப்போய், தொட்டால் ஒட்டியது.

"கறைய எடுக்கச் சொன்னா கலரையே எடுத்துக்கினு நிக்கிறீங்களே!" என்றீர்கள்.

"கறையும் போயிடுச்சில்ல?" என்றான் அண்ணன், பரிதாபமாக.

நீங்கள் ஈரத்துணியால் ஒற்றி, காய்ந்த துணியால் துடைத்து, என் முகத்துக்கு வைத்திருந்த பவுடரை எடுத்து அந்த இடத்தில் தூவினீர்கள். "ஓரமா குந்து தனம், ஒட்டாது" என்றீர்கள். அண்ணனோ நடுவில் உட்கார்ந்தால்தான் படம் அழகாக வரும் என்றான். உட்கார்ந்தேன். வாயை இறுக மூடிக்கொண்டேன். விளக்குகளின் சூட்டில் வியர்த்துக் கொட்டியது. அண்ணன் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் பார்த்தான், வெளியே வந்தான், கேமராவில் பிலிமைச் செருகினான், அமுக்கினால் படம் விழும் ரப்பர் பந்தைக் கையில் பிடித்தான்.

"கொஞ்சம் நிமிந்து குந்து."

நிமிர்ந்தேன். ஒட்டியிருந்த சேலை சோபாவிலிருந்து பிய்த்துக்கொண்டு வந்தது. பர்ர்ர்ர் என்று ஒரு சத்தம். எப்பேர்ப்பட்ட சத்தம்! அண்ணன் என்னைப் பார்த்தான். நான் உங்களைப் பார்த்தேன். கதவோரம் நின்ற அம்மா, "ஐயோ கெரகமே, பகல்ல இன்னாடி சாப்பிட்ட?" என்றாள். அவ்வளவுதான். அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டான். நான் பல்லெல்லாம் தெரிய, கண்ணில் நீர் வரச் சிரித்தேன். அந்த நேரத்தில் அண்ணன் கையிலிருந்து நழுவிய பந்தை எடுத்து நீங்கள் அமுக்கினீர்கள்.

வேண்டுமென்றுதானே அமுக்கினீர்கள்? கேட்கும்போதெல்லாம், "கீழ வுழப் போச்சு, புடிச்சேன், அமுங்கிடுச்சு" என்பீர்கள். கடைசிவரைக்கும் அதே பதில்.

பிறகு வாய் மூடிய படமும் ஒன்று எடுத்தான் அண்ணன். மறுநாள் இரண்டையும் பார்த்துவிட்டு அம்மா மூடிய படத்தை எடுத்தாள். நீங்களோ நான் சிரித்த படத்தைத் தரகரிடம் நீட்டினீர்கள்.

"பல்லு பூராவும் தெரியுதேடி லோகு!"

"தெரியட்டும் அத்தே. மூடிக்கினு எடுத்ததைப் பாத்து வந்தவங்கல்லாம் பல்லைப் பாத்துட்டு ஓடுனாங்க. இதப் பாத்து வர்றவன் பல்லையும் பாத்துட்டுதானே வருவான்? புடிச்சா வரட்டும். இல்லாங்காட்டி அவன் வூட்லயே குந்தட்டும்."

மாமியாரிடம் அதற்கு முன்னால் நீங்கள் எதிர்த்துப் பேசியதில்லை. பொய்த்துப்போனால் ஆயுசுக்கும் உங்களைத்தானே சொல்வார்கள்?

வந்தார்கள். மாப்பிள்ளை, அவர் அம்மா, அத்தை. நான் "வாங்க" என்று வாய் நிறையச் சொன்னேன். யார் முகமும் மாறவில்லை. மாப்பிள்ளை மெல்ல, "போட்டோல இன்னாத்துக்கு அப்டி சிரிச்சீங்க?" என்று கேட்டார். அதை எப்படிச் சொல்வது? தரையைப் பார்த்தேன். "அது ரெக்சின் பண்ண வேலைங்க" என்று நீங்கள்தான் முழுக்கதையும் சொன்னீர்கள். அத்தைக்காரி புரையேறும் அளவுக்குச் சிரித்தாள். மாப்பிள்ளை எழுந்து நேராக ஸ்டூடியோவுக்குள் போய், சோபாவின் நடுவில் உட்கார்ந்து, நிமிர்ந்து, திரும்ப நிமிர்ந்து பார்த்தார். சத்தமே வரவில்லை. சுவரைப் பார்த்திருந்த சோபாவின் முதுகுப் பக்கத்திலிருந்து ரெக்சினை வெட்டி நீங்கள் அதற்குள் அந்த இடத்தை மாற்றியிருந்தீர்கள்.

"இப்ப ஒண்ணும் வராதுங்க. சரி பண்ணிட்டேன்" என்றீர்கள்.

"அப்ப எனக்கு அதிர்ஷ்டம் இல்ல" என்றார் அவர். அவர் அம்மா, பல்லு கொஞ்சம் எடுப்பு என்று ஆரம்பித்தபோது, "பாத்துட்டுதானேம்மா வந்தோம்" என்று முடித்துவிட்டார்.

தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தோடு நின்றவர் அவரேதான். இத்தனை வருஷமாகியும் ரெக்சினை வைத்துக்கொள்ளத் தெரியவில்லை. என்னை நன்றாகத்தான் வைத்துக்கொண்டிருக்கிறார்.

உங்கள் பிள்ளைகள் நன்றாக இருக்கிறார்கள். அண்ணனைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். கண்ணில் புரை. எவ்வளவு சொல்லியும் ஆபரேஷனுக்கு வரமாட்டேன் என்றான். "யாரப் பாக்கறதுக்கு?" என்றான் அண்ணி. அவன் கையைப் பிடித்து, "என்னப் பாரேன்டா, நானும் கெழவி ஆயிட்டேன்" என்றேன். என் கையைத் தடவிப் பார்த்துவிட்டு, சரி என்றான். அடுத்த வாரம் செங்கல்பட்டில் ஆபரேஷன். முடிந்ததும் என் வீட்டுக்குத்தான் வருகிறான். கண்ணுக்குச் சொட்டு மருந்து யார் விடுவது என்ற பேச்சு வந்தது. "லோகு இருந்தா திட்டிக்கினே வுடுவா" என்றான்.

நான் விடுகிறேன் அண்ணி. ஒரு வேளைகூடத் தவறாமல் விடுகிறேன். உங்களுக்குக் குறையாமல் திட்டிக்கொண்டே விடுகிறேன்.

என்றும் உங்கள் நாத்தனார்,
தனம்
செங்கல்பட்டு